தங்கத்துக்கு ரேட் போர்டு இருக்கு. வைரத்துக்கு ஏன் இல்லை? முதல்முறை வாங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவை பெரிய கடை வீதியிலோ, காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டிலோ எந்த நகைக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ரேட் போர்டு. 22 காரட் தங்கம் கிராம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு என்று எழுதியிருக்கும். பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஏறக்குறைய அதே ரேட்தான். காலையில் செல்போனில் பார்த்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்பலாம். அதன் பிறகு பேரம் எல்லாம் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான்.

அதே கடையில் வைர நகைப் பிரிவுக்கு மாடி ஏறிப் பாருங்கள். அங்கே போர்டு கிடையாது. காபி வரும், ஜூஸ் வரும், வெல்வெட் தட்டு வரும். விலை என்ன என்று கேட்டால், "அது கல்லைப் பொறுத்துங்க. உங்களுக்கு ஸ்பெஷலா போட்டுத் தர்றோங்க" என்று பதில் வரும். எந்த விலையிலிருந்து ஸ்பெஷல் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க நம் கையில் ஒன்றும் இல்லை.

தங்கம் விலை ஏறிய வேகத்தில், கொங்குப் பகுதிக் கல்யாணங்களில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "நாலு பவுன் சேர்த்துப் போடறதுக்கு ஒரு வைரத் தோடு போட்டுட்டா நல்லா எடுப்பா இருக்குமுங்க." தவறில்லை. வைரம் அழகான பொருள். ஆனால், தங்கம் வாங்கிப் பழகிய மனசோடு, தங்கம் மாதிரியே இதுவும் ஒரு சேமிப்பு என்று நினைத்து வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வைரத்தை நகையாக வாங்குங்கள், முதலீடாக வாங்காதீர்கள்; கல்லின் விவரம் தனியாக எழுதாத பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இந்த இரண்டும்தான். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

காரட் ஒன்று, அர்த்தம் இரண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தங்கத்துக்குச் சொல்லும் காரட், தரம். 24 காரட் சுத்தத் தங்கம். 22 காரட் 91.6 சதவீதம், 18 காரட் 75 சதவீதம். வைரத்துக்குச் சொல்லும் காரட், எடை. ஒரு காரட் 0.2 கிராம். அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். அதாவது 5 காரட் வைரம் சேர்ந்தால்தான் ஒரு கிராம்.

இங்கே ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. தங்கத்தில் 8 கிராம் விலை, ஒரு கிராம் விலையைப் போல எட்டு மடங்கு. வைரத்தில் அப்படி இல்லை. ஒரு காரட் எடையுள்ள ஒற்றைக் கல்லின் விலை, 10 சென்ட் கல் பத்தின் மொத்த விலையைவிடப் பல மடங்கு அதிகம். பெரிய கல் பூமியில் அரிதாகக் கிடைப்பதால், எடை கூடக் கூட ஒரு காரட்டுக்கான ரேட்டும் கூடுகிறது.

நம்ம ஊரில் அதிகம் விற்கும் ஏழு கல் தோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு 14 கல். ஒவ்வொன்றும் 7 சென்ட் என்றால் மொத்தம் 98 சென்ட். கடைக்காரர் "கிட்டத்தட்ட ஒரு காரட்டுங்க" என்பார். எடையில் அது உண்மை. ஆனால் விலையில் அது 7 சென்ட் கல்லின் ரேட்டில்தான் வர வேண்டும். ஒரு காரட் ஒற்றைக் கல்லின் ரேட்டில் அல்ல. "மொத்தம் எத்தனை சென்ட்?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "எத்தனை கல், ஒரு கல் எத்தனை சென்ட்?" என்றும் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 50 சென்ட், ஒரு காரட் போன்ற முழு எண்களில் விலை சட்டென்று ஒரு படி ஏறும். 50 சென்ட் கல்லுக்கும் 47 சென்ட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வட்ட வைரத்தில் ஒரு காரட்டின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், அரை காரட்டின் விட்டம் சுமார் 5.1 மில்லிமீட்டர். எடை பாதியானாலும் பார்வைக்கு அளவு பாதியாவதில்லை. முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள கல்லைத் தேடினால் பணம் மிச்சம்.

நிறமும் தெளிவும்: எங்கே செலவு செய்யலாம், எங்கே வேண்டாம்?

வைரத்தை எடை, நிறம், தெளிவு, கட் என நான்கு அளவுகோலில் தரம் பிரிக்கிறார்கள். அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்த இந்த முறைதான் இன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் உள்ளது.

நிறம் 'டி' எழுத்தில் தொடங்கி 'இசட்' வரை போகும். டி, ஈ, எஃப் மூன்றும் நிறமற்றவை. ஜி, ஹெச், ஐ, ஜே ஏறக்குறைய நிறமற்றவை. அதற்குக் கீழே போகப் போக மஞ்சள் சாயல் தெரியத் தொடங்கும். ஆனால் நாம் பெரும்பாலும் கல்லைப் பதிப்பது மஞ்சள் தங்கத்தில். அந்தத் தங்கத்தின் நிறமே கல்லில் பிரதிபலிக்கும். எனவே மஞ்சள் தங்கத்தில் 'ஜி' அல்லது 'ஹெச்' நிறக் கல்லை வைத்தால், 'ஈ' கல்லிலிருந்து சாதாரணக் கண்ணால் பிரித்துச் சொல்வது மிகவும் கடினம். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் மட்டும் நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

தெளிவு என்பது கல்லுக்குள் இருக்கும் புள்ளி, கீறல், மேகம் போன்றவற்றைப் பற்றியது. குறையே இல்லாத கல் தொடங்கி வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ., ஐ என்று இறங்கும். இந்தத் தரம் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்துப் போடப்படுவது. வி.வி.எஸ். என்றால் அந்த லென்ஸிலேயே தேர்ந்தவருக்குக்கூட எளிதில் குறை தெரியாது என்று பொருள். வி.எஸ். கல்லில் இருக்கும் குறையும் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

நம்ம ஊர்க் கடைகளில் "ஈ.எஃப். - வி.வி.எஸ்." என்பது ஏதோ மந்திரம் போல ஆகிவிட்டது. அதற்குக் கீழே எடுத்தால் சொந்தக்காரர்கள் முன்னால் கௌரவக் குறைச்சல் என்கிற அளவுக்குப் போய்விட்டது. 5 சென்ட், 7 சென்ட் கற்களில் வி.வி.எஸ்.ஸுக்கும் வி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை மாமியாரும் பார்க்கப் போவதில்லை, மண்டபத்துக்கு வந்த விருந்தாளியும் பார்க்கப் போவதில்லை. சிறிய கல் நகைக்கு 'ஜி-ஹெச்' நிறம், வி.எஸ். தெளிவு போதும் என்பதே என் கருத்து. மிச்சப்படும் பணத்தைக் கட்டிலோ தங்க எடையிலோ போடலாம்.

இந்தத் தரப் பிரிப்பு நமக்குப் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும் இடத்தில், வைரத்துக்கு ஆகாத குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என நான்கைக் குறிப்பிடுகிறார் இளங்கோவடிகள். காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு ஆகியவைதான் அவை. இன்றைய தெளிவுத் தரமும் இதையேதான் பார்க்கிறது. கொங்கு நாட்டுக்கும் கல் புதிதல்ல. நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. காங்கேயம் பக்கத்துப் படியூர் பெரில் கல்லுக்குப் பெயர் போனது. கல்லைப் பார்த்து வாங்கிய ஊர்தான் இது. அந்தப் பார்வையைத்தான் நாம் சேல்ஸ்மேனிடம் ஒப்படைத்துவிட்டோம்.

கட்: மின்னுவது இதனால்தான்

நான்கில் வாங்குபவர் குறைவாகக் கேட்பதும், கண்ணுக்கு அதிகம் தெரிவதும் கட்தான். பட்டைகளின் கோணமும் விகிதமும் சரியாக அமைந்தால், உள்ளே போன ஒளி திரும்ப மேலே வரும், கல் மின்னும். ஆழம் கூடினாலோ குறைந்தாலோ ஒளி அடிப்பக்கம் போய்விடும். எவ்வளவு உயர்ந்த நிறமாக இருந்தாலும் கல் செத்த மாதிரி இருக்கும். வட்ட வைரத்துக்கு முழு கட் என்றால் 57 அல்லது 58 பட்டை. மிகச் சிறிய கற்களில் 17 பட்டை மட்டும் போட்ட சிங்கிள் கட்டும் உண்டு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடையின் ஸ்பாட் லைட்டுக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும். நகையைக் கையில் வாங்கி, வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். "வெளியில கொண்டு போகக் கூடாதுங்க" என்றால், ஜன்னல் ஓரமாவது காட்டச் சொல்லுங்கள். முன்னூறு ரூபாய்ச் சேலையையே வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுக்கிற ஊர் இது.

இத்தோடு இரண்டு பழைய சொற்களையும் பார்த்துவிடுவோம். "ப்ளூ ஜாகர்" என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலச் சாயல் வெள்ளைக் கற்களால் வந்த பெயர். "பெல்ஜியம் கட்" என்பது பட்டை தீட்டுவதில் பெயர் பெற்ற ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டி வந்த வழக்கு. இன்று உலக வைரங்களில் பத்தில் ஒன்பது பட்டை தீட்டப்படுவது குஜராத்தின் சூரத்தில். இந்த இரண்டு சொல்லுமே ஆய்வகத் தரப் பட்டியலில் இல்லாதவை. யாராவது இவற்றைச் சொல்லி விலை கூட்டினால், "சரிங்க, நிறம் எந்த எழுத்து? கட் எந்த கிரேடு?" என்று கேளுங்கள்.

லேப் வைரம்: ஏமாற்றா, மாற்றா?

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் போலி அல்ல. அமெரிக்கன் டயமண்ட் என்று நாம் சொல்லும் கியூபிக் சிர்கோனியா வேறு பொருள். மாய்சனைட் வேறு பொருள். லேப் வைரம் அப்படியல்ல. அதுவும் கார்பன்தான், அதே படிக அமைப்பு, அதே கடினம். பூமிக்கடியில் நடந்ததை உயர் அழுத்தம், உயர் வெப்பம் கொண்டு செய்வது ஹெச்.பி.ஹெச்.டி. முறை, வாயுவிலிருந்து அடுக்கடுக்காக வளர்ப்பது சி.வி.டி. முறை. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென ஓர் ஆய்வு மையம் அமைக்க, மத்திய அரசு 2023-ல் ஐந்தாண்டுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது.

வீட்டுச் சோதனைகளால் லேப் வைரத்தையும் பூமி வைரத்தையும் பிரிக்க முடியாது. மூச்சு விட்டுப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, பேப்பர் எழுத்தின் மேல் வைப்பது என எதிலும் தெரியாது. கடையில் வைத்திருக்கும் பேனா மாதிரியான வெப்பச் சோதனைக் கருவியும் இரண்டையும் 'வைரம்' என்றே காட்டும். ஆய்வகக் கருவிதான் வழி.

விலையில்தான் பெரிய வித்தியாசம். உற்பத்தி பெருகப் பெருக லேப் வைர விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பூமி வைரத்தின் பெரிய நிறுவனமான டி பியர்ஸ், 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு காரட் லேப் வைரத்தை 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024-ல் அதை 500 டாலராகக் குறைத்தது. 2025-ல் அந்தப் பிராண்டையே மூடப் போவதாக அறிவித்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் ஜி.ஐ.ஏ., லேப் வைரத்துக்கு எழுத்து வரிசைத் தரம் கொடுப்பதை நிறுத்தி, 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்டு' என இரண்டே வகையாகப் பிரிக்கத் தொடங்கியது. காரணம், லேப் கற்களில் மிகப் பெரும்பாலானவை உயர்ந்த நிறம், தெளிவுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. எனவே லேப் வைரத்தில் "ஈ.எஃப். - வி.வி.எஸ்.ங்க" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது அரிய தரம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், குறைந்த பட்ஜெட்டில் பெரிய கல் வேண்டும், திரும்ப விற்கும் எண்ணமே இல்லை என்றால் லேப் வைரம் நல்ல தேர்வு. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, லேப் வைரத்துக்கு உரிய விலைதான் கொடுக்க வேண்டும். மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். இரண்டு, பில்லில் 'லேப் வைரம்' என்று எழுதி வாங்குங்கள். பூமி வைரம் வாங்கினால் 'இயற்கை வைரம்' என்று எழுதி வாங்குங்கள். வெறும் 'டயமண்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால், பின்னால் பிரச்சினை வரும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. சிறிய கற்களில் இரண்டும் கலந்துவிட்டால், ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது.

ஹால்மார்க் வைரத்துக்கு அல்ல

"ஹால்மார்க் இருக்குதுங்க, பயப்படாதீங்க" என்பது அடிக்கடி கேட்கும் ஆறுதல். ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்கு மட்டும் தரப்படும் முத்திரை. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் இல்லாத ஹால்மார்க் நகையை விற்க முடியாது. பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் தங்கத்தின் தரம் தெரியும். அதில் பதித்திருக்கும் கல் வைரமா, கண்ணாடியா என்று அந்த எண் சொல்லாது.

கல்லுக்குத் தேவை தனிச் சான்றிதழ். ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகங்கள் தருகின்றன. பெரிய ஒற்றைக் கல் என்றால், அதன் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண் லேசரில் பொறிக்கப்பட்டிருக்கும். லென்ஸில் காட்டச் சொல்லி, ஆய்வக இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். சிறு கல் நகை என்றால், முழு நகைக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் வரும். அதில் மொத்த எடையும் சராசரித் தரமும் இருக்கும். கடையே அச்சடித்துத் தரும் கேரண்டி கார்டு ஒரு வாக்குறுதி மட்டுமே. அதைச் சான்றிதழ் என்று நினைக்காதீர்கள். விற்பவரே பரீட்சை எழுதி, விற்பவரே மார்க் போடுவது போலத்தான் அது.

மூடிய கட்டடத்தில் செய்யும் பழைய பாணித் தோடு, மூக்குத்திகளில் இன்னும் கவனம் தேவை. பின்பக்கம் அடைத்திருப்பதால், பதித்த பிறகு கல்லின் நிறத்தையும் தெளிவையும் சரியாகக் கணிக்க முடியாது. அப்படிச் செய்யச் சொன்னால், கல்லைப் பதிக்கும் முன்பே எடை போட்டு, தரம் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வைரத்தை இரண்டு மூணு நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, 'நமக்கு ஒத்து வருதா' என்று பார்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அதை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த மூணு நாளில் சான்றிதழ் எண்ணைச் சரிபார்த்து, வேறு இரண்டு கடையில் அதே எடை, அதே தரத்துக்கு விலை கேட்டு வந்தால், ஒத்து வருகிறதா இல்லையா என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

பில்லைப் பிரித்துப் படிப்போம்

ஒரு மோதிரத்தை வைத்துக் கணக்குப் போடலாம். எளிதாகப் புரிவதற்காக ரேட்டுகளைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் நாளின் ரேட்டைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோதிரத்தின் மொத்த எடை 5.200 கிராம். அதில் வைரம் 50 சென்ட், அதாவது 0.100 கிராம். நிகரத் தங்கம் 5.100 கிராம். வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில்தான் செய்யப்படும். ஹால்மார்க்கில் 750 என்று இருக்கும். 22 காரட் ரேட் கிராம் 10,000 ரூபாய் என்றால், 18 காரட் ரேட் சுமார் 8,188 ரூபாய். போர்டு ரேட்டை 0.82 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும்; இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கம் 41,760 ரூபாய். வைரம் காரட்டுக்கு 70,000 என்றால் 50 சென்ட்டுக்கு 35,000. செய்கூலி கிராமுக்கு 1,000 என்றால் 5,100. கூட்டினால் 81,860. அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,456. ஆக மொத்தம் 84,316 ரூபாய்.

இப்போது தவறு எங்கெல்லாம் நுழையலாம் என்று பாருங்கள். 18 காரட் நகைக்கு 22 காரட் போர்டு ரேட்டைப் போட்டால், தங்கத்தில் மட்டும் 9,240 ரூபாய் கூடிவிடும். கல் எடையைக் கழிக்காமல் மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால் இன்னொரு 800 ரூபாய். இந்தச் சிறிய மோதிரத்தில் அது குறைவு, ஆனால் கலர் கற்கள் நிறைய வைத்த நெக்லஸில் பெரிய தொகை. "செய்கூலி இல்லை" என்று சொல்லிவிட்டு, வைரத்தின் ரேட்டைக் காரட்டுக்கு 70,000-லிருந்து 90,000 ஆக்கினால், 5,100 ரூபாய் விட்டுக்கொடுத்து 10,000 ரூபாய் கூடுதலாக எடுத்தாயிற்று. "வைரத்துக்குக் காரட்டுக்கு இருபதாயிரம் தள்ளுபடி" என்ற விளம்பரத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். அசல் விலை ஊருக்குத் தெரியாத பொருளில் தள்ளுபடி என்ற சொல்லுக்கு மதிப்பு குறைவு.

ஆகவே பில்லில் இவை தனித்தனியாக இருக்க வேண்டும்: மொத்த எடை, நிகரத் தங்க எடை, தங்கத்தின் தரமும் ரேட்டும், கல்லின் எண்ணிக்கை, கல்லின் மொத்த சென்ட், நிறம், தெளிவு, இயற்கையா லேபா என்பது, காரட்டுக்கான ரேட், செய்கூலி, ஜி.எஸ்.டி., சான்றிதழ் எண். "பீஸ் ரேட்டுங்க, மொத்தமா இவ்வளவு" என்றால், அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்; நம்ம ஊரில் நகைக்கடைக்கா பஞ்சம்?

அடகு வைக்கும் நாளில்

கொங்கு வட்டாரத்தில் நகை வெறும் அலங்காரம் இல்லை. மஞ்சள் விதைக்க, போர் போட, நூல் வாங்க, பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட என்று எல்லாவற்றுக்கும் முதலில் நினைவுக்கு வருவது பீரோவில் இருக்கும் நகைதான். கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ எடுத்துப் போனால் அன்றே பணம் கையில்.

மேலே சொன்ன மோதிரத்தை அங்கே கொண்டு போனால் என்ன ஆகும்? தங்கத்தை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். நகைக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிமுறையும், தங்கத்தின் மதிப்பை மட்டுமே பார்க்க வேண்டும், கல்லின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 84,316 ரூபாய் கொடுத்து வாங்கிய மோதிரத்தில், அடமானக் கணக்குக்கு வருவது 41,760 ரூபாய்த் தங்கம், ஏறக்குறைய பாதி. கடன் அதிலும் ஒரு பங்குதான் கிடைக்கும். இதே 84,316 ரூபாய்க்கு, செய்கூலி சேதாரம் 10 சதவீதம் என்று வைத்து 22 காரட் செயின் எடுத்திருந்தால், அதில் சுமார் 74,400 ரூபாய்த் தங்கம் இருந்திருக்கும்.

விற்கப் போனாலும் இதே கதைதான். தங்கத்தை எந்த ஊர்க் கடையிலும் அன்றைய ரேட்டுக்கு விற்கலாம். வைரத்தைப் பொதுவாக வாங்கிய கடைதான் எடுக்கும். "நூறு சதவீத எக்ஸ்சேஞ்ச்" என்றால், அது புது நகை வாங்குவதற்கா, ரொக்கமாகத் தருவதற்கா? வாங்கிய விலையிலா, அன்றைய விலையிலா? அன்றைய விலையை யார் தீர்மானிப்பார்கள்? பில், சான்றிதழ் தொலைந்தால் என்ன? லேப் வைரத்துக்கும் உண்டா? இந்த ஐந்து கேள்விக்கும் பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். வாய்ச்சொல் வாசல்படி வரைக்கும்தான்.

வைரம் என்றைக்கும் விலை இறங்காது என்ற நம்பிக்கையும் நமக்கு வெளியிலிருந்து வந்ததுதான். வைரம் நிரந்தரம் என்ற புகழ்பெற்ற வாசகம், 1947-ல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக ஒரு விளம்பர ஏஜென்சி எழுதியது. நடந்தது என்ன? 2022-க்குப் பிறகு பூமி வைரத்தின் விலையும் உலகச் சந்தையில் சரிந்திருக்கிறது. வியாபாரிகள் தங்களுக்குள் பார்க்கும் ராப்பபோர்ட் விலைப்பட்டியல் 1978 முதல் வெளிவருகிறது. தரவாரியாக, எடைவாரியாக டாலரில் விலை இருக்கும். ஆக, வைரத்துக்கு ரேட் இல்லை என்பதில்லை. வாங்குகிற நமக்குத்தான் காட்டுவதில்லை.

அரசும் கடைகளும் என்ன செய்யலாம்?

"ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது, போர்டு எப்படிங்க போடறது?" என்று வியாபாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தங்கம் போல ஒரே எண் போட முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு கடையிலும் தரத்துக்கு ஏற்ற ரேட் அட்டவணை உள்ளே இருக்கிறது; அது இல்லாமல் பில் போடவே முடியாது. 'ஜி-ஹெச், வி.எஸ்., 5 முதல் 10 சென்ட் வரை காரட்டுக்கு இவ்வளவு' என்று அதிகம் விற்கும் நாலைந்து தரங்களுக்கு மட்டும் அந்த அட்டவணையைச் சுவரில் மாட்டினால் போதும்.

ஹால்மார்க் விதிகளின்படி தங்கத்தின் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். அதே கட்டாயத்தைக் கல்லுக்கும் கொண்டுவர வேண்டும். இயற்கையா லேபா என்று எழுதுவது கடைக்காரரின் விருப்பமாக இருக்கக் கூடாது. முடியாத காரியம் இல்லை. 2021-ல் ஹெச்.யு.ஐ.டி. வந்தபோதும் நடைமுறைக்கு ஒத்து வராது என்று சொல்லி நகை வியாபாரிகள் ஒரு நாள் கடையடைப்பு நடத்தினார்கள். இன்று அந்த எண்ணைக் காட்டித்தான் விளம்பரமே செய்கிறார்கள். நகைத் தொழிலில் பெயர் பெற்ற கோவை, கல்லுக்கான பில்லிலும் முன்மாதிரியாக இருந்தால், சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது பில்லும் கேள்வியும்தான். ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விவரமான பில் இல்லாமல் போனால் அங்கேயும் வாதாடுவது கஷ்டம்.

முதல்முறை வாங்கப் போகிறவர்கள் இப்படித் திட்டமிடலாம். அவசரத்துக்கு உதவ வேண்டிய பணத்தைத் தனியாகப் பிரித்து, அதைத் தங்கமாகவோ வங்கியிலோ வைத்துவிடுங்கள். மீதியில், போனாலும் வருத்தமில்லை என்று தோன்றும் தொகைக்கு மட்டும் வைரம் பாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போகாதீர்கள். அவசரம் தெரிந்தால் பேரம் நடக்காது. மூன்று கடையில் ஒரே எடை, ஒரே தரத்துக்கு விலை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். வாங்கிய பிறகு பில்லையும் சான்றிதழையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் செல்போனிலாவது வைத்திருங்கள். எண்ணெய், மஞ்சள், சீயக்காய் ஒட்டினால் வைரம் மங்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவினால் பழையபடி மின்னும். காதில் போட்டு அழகு பார்க்கத்தானே வாங்கினோம். லாக்கரில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.